பிரியெபோல்யேயில் இரண்டு நிமிடம்

பிப்ரவரி 11

சமையலறை மேசை கைவிட்டுப் போயிற்று. வெலிமிர் அதன்மேல் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் ஊறுகாய் ஜாடிகளைப் பாரம் வைத்துவிட்டான். நான் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கேட்டால், "ஒன்பது நாள் பயணம், ரூஷிட்சா. விளையாட்டா?" என்கிறான்.

முப்பத்தெட்டு வருஷம் சோம்போர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களையெல்லாம் கடலுக்கு அனுப்பிவைத்தான். கட்டிய பெண்டாட்டியை ஒரு தடவைகூடக் கூட்டிப்போனதில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "நான் கிளம்பிட்டா ரயிலை யார் அனுப்புறது?" போன செப்டம்பரில் ஓய்வு பெற்றான். ரயில்கள் அவன் இல்லாமலும் போகின்றன. முன்பைவிடக் கொஞ்சம் நேரத்துக்கே வருகின்றன. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

திட்டம் இதுதான். ரயிலில் நோவி சாத், பெல்கிரேடு. அங்கிருந்து மலையெல்லாம் தாண்டி, எல்லைக்கு அப்பால், பார் துறைமுகம். அங்கே வாடகைக் கார். காரில் கடலோரம், ஏரி, மலை. கடைசியில் கொலாஷின் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு மறுபடி ரயிலில் வீடு.

ஐம்பத்தொன்பது வயதில், தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, சும்மா சும்மா சிரிக்கிறேன். ஸ்டாம்ப் வாங்க வந்தவர் முறைத்துப் பார்த்தார்.

பிப்ரவரி 13

கடற்கரையில் கழிப்பறைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறான். அவனுக்கு நாலு நிமிடம், எனக்கு ஏழு.

பிப்ரவரி 20

காரைத் திட்டத்தில் எழுதியவனே இப்போது வேண்டாமென்கிறான், பெரிய சண்டை. கிராட்ஸிலிருந்து மகள் யாஸ்னா போன் பண்ணினாள். "அப்பா, ஏரிக்கும் மலைக்கும் ரயில் கிடையாது. காரை நான் இங்கேயிருந்தே பதிவு பண்ணிடறேன்" என்றாள்.

"தண்டவாளமே இல்லாத பாதையை எப்படி நம்புறது?" என்றான் அவன்.

"கோடிக்கணக்கான பேர் நம்பித்தான் போறாங்க அப்பா."

"அதனாலதான் மோதிக்கிறாங்க."

கார் ஓட்டப்போவது நான். ஐயாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. படத்தில் தலைநிறைய முடியும் இருக்கிறது. கடைசியாக எப்போது ஓட்டினான் என்று அதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் சொல்லுவானாம். வீட்டிலேயே அதைத்தானே செய்கிறான்.

மார்ச் 2

மூன்றாவது நகல் தயார். சாய்வுக் கோடுகளாகப் போட்டிருக்கிறான், நிலையத்தில் ரயில்களுக்குப் போடுவதுபோல. கிடைக்கோட்டில் மணி, செங்குத்தாக ஊர்கள். நாங்கள் இருவரும் ஒரு சிவப்புக் கோடு. மத்தியானம் தூங்குகிற நேரத்தில் கோடு படுத்துவிடுகிறது. சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் ஊர்ப் பெயர்களைப் படித்தேன். பெல்கிரேடு, வாலியெவோ, உஜீத்ஸே — அடுத்தது நேராக எல்லைச் சோதனை. நடுவில் ஒரு பெயர் இல்லை.

பிரியெபோல்யே. இவன் பிறந்த ஊர். எல்லா ரயிலும் அங்கே இரண்டு நிமிடம் நிற்கும். அங்கே அப்பா வீட்டில் இவன் தம்பி ஒப்ரென் இருக்கிறான். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

சொத்துச் சண்டையா? அதாவது இருந்தால் வக்கீலிடம் போயிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஸ்லாவா அன்று, மே ஆறாம் தேதி — குடும்பத்துப் புனிதர் ஜார்ஜின் நாள் — மாமனார் உடம்பு முடியாமல் இருந்தார். இந்த வருஷம் ஸ்லாவா ரொட்டியை மூத்தவன் கையில் கொடுத்து, வீட்டுக்காரன் என்ற ஸ்தானத்தையும் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நாங்கள் ரயிலில் கிளம்பினோம். மலையில் பாறை சரிந்து ரயில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தால், ரொட்டி வெட்டியாகிவிட்டது. பாதிரியார் அவசரப்படுத்தினாராம், கிழவருக்கும் தாங்கவில்லையாம். இளையவன் கையில் கொடுத்துவிட்டார்.

"மூணு மணி நேரம் காத்திருக்கக் கூடாதா?" என்றான் வெலிமிர்.

"ரயில்வேக்காரங்க சொல்ற மூணு மணி நேரம் எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் ஒப்ரென்.

அவ்வளவுதான். வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் இவனிடமா அதைச் சொல்வது! அந்த இலையுதிர் காலத்தில் மாமனார் போனார். அண்ணனும் தம்பியும் குழிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். அதன் பிறகு நாங்கள் இங்கே சோம்போரில் தனியாக ஸ்லாவா வைக்கிறோம், அவர்கள் அங்கே. இரண்டு வீட்டிலும் ஒரே நாள் விருந்து, அதனால் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. எவ்வளவு வசதி!

என் ஓரகத்தி ஜகோர்கா மட்டும் புத்தாண்டுக்கு எனக்கு ஒரு செய்தி அனுப்புவாள். நானும் அனுப்புவேன். அவளை எனக்குப் பிடிக்கும். அவள் முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிச் செய்கிற ஸார்மா மாதிரி என்னால் இன்னும் செய்ய முடியவில்லை.

கடல் வேண்டும்தான். ஆனால் இந்தப் பயணத்தில் இவன் அந்த ஊரில் இறங்கினால் எனக்குக் கடலே வேண்டாம். இதை இங்கே எழுதி வைக்கிறேன். அவனிடம் சொன்னால், ரயில் பாதையையே மாற்றிப் போட்டுவிடுவான்.

மார்ச் 3

"ஒரு ஊர் விட்டுப்போச்சு போல இருக்கே" என்றேன்.

"இடம் பத்தல" என்றான். கழிப்பறைக்கெல்லாம் இடம் இருந்தது.

மார்ச் 15

ஐயோ, இன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விலா வலிக்கிறது.

தேதிகளை இவ்வளவு நாளும் ரகசியமாக வைத்திருந்தான். முதலில் பாதை, பிறகு நேரம், கடைசியில்தான் தேதி, அதுதான் ரயில்வே முறையாம். என்னிடம் "மே தின வாரத்துல லீவு போடு" என்று மட்டும் சொன்னான். நானும் வழக்கம்போல ஒன்பதாம் தேதி வரை சேர்த்துப் போட்டேன். நாலாம் தேதி திரும்பி வந்து சமைக்கலாம் என்று என் நினைப்பு. இன்று டிக்கெட், கார், தங்கும் இடம் எல்லாம் முடிந்துவிட்டதென்று அட்டையில் ஒட்டி, படம் மாட்டுகிற மாதிரி சுவரில் மாட்டினான்.

ஏப்ரல் 29 புறப்பாடு. மே 7 வீடு.

நான் படித்தேன். மறுபடி படித்தேன். விரலை வைத்துப் படித்தேன்.

"வெலிமிர், எட்டாம் நாள் நாம எங்க இருப்போம்?"

"ஜப்ல்யாக்லேர்ந்து காலையில கிளம்பி, கொலாஷின்ல காரை விட்டுட்டு, ரயில்."

"தேதி என்ன?"

"மே ஆறு."

"மே ஆறு."

"ஆமா, மே ஆ—"

அந்த முகத்தைப் படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்தையும் மறக்காத மனுஷன், சொந்த வீட்டு ஸ்லாவாவை மறந்துவிட்டான்! எங்கள் தெருவில் குடிகாரன்கூடத் தன் ஸ்லாவாவை மறந்ததில்லை. பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தால் மன்னிக்கலாம், அதைத்தான் வருஷா வருஷம் செய்கிறான். இது எந்தக் கணக்கில் சேரும்?

"புனித ஜார்ஜ் குதிரையில வர்றவரு. நீ ரயில்ல போனா பிடிச்சிடுவாரு, கவலைப்படாதே" என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மார்ச் 16

எப்படி மறந்தான் என்று காலையில் அவனே சொன்னான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஒவ்வொரு ஜனவரியும் லீவு விண்ணப்பம் எழுதுவேன். மே அஞ்சு, ஆறு, ஏழு. காரணம்: ஸ்லாவா. அதை எழுதினதும் அந்த நாள் தலையில உட்கார்ந்துடும். இந்த வருஷம் யாருகிட்ட எழுதிக் கொடுக்க?"

முப்பத்தெட்டு விண்ணப்பம். கேலி பண்ண வந்த வாய் மூடிக்கொண்டது. காபி போட்டுக் கொடுத்தேன், இரண்டு சர்க்கரைக் கட்டி போட்டு. மருத்துவர் ஒன்றுகூடக் கூடாது என்கிறார்.

மார்ச் 22

மாற்ற முடியாதாம். யாஸ்னா எல்லா இடத்திலும் கேட்டுவிட்டாள். அந்த வாரத்துக்கு முன்னாலும் கார் இல்லை, பின்னாலும் இல்லை. "பயணத்தை விட்டுடலாமா?" என்று கேட்டான். "விட்டுப் பாரு" என்றேன். விடவில்லை.

மார்ச் 30

முடிவு: ஸ்லாவாவைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போகிறோம். மெழுகுவர்த்தி, புனிதர் படம், படையலுக்குக் கோதுமை. கொலாஷினில் ரயில் வருவதற்குமுன் ஐம்பது நிமிடம் இருக்கிறதாம். அதற்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி அணைத்துவிடலாமாம். அட்டவணையில் எழுதிவிட்டான்: "11.10 – 11.35, ஸ்லாவா."

"விருந்தாளிங்க?"

"யாரு?"

"நம்ம வீட்டுக்கு வர்றவங்க. பூட்டின கதவைத் தட்டிட்டு நிப்பாங்களே."

இதை அவன் நினைத்தே பார்க்கவில்லை. ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது, கூப்பிட்டால்தான் தப்பு. தெரிந்தவன் தானாக வருவான். அப்படியென்றால், கூப்பிடாதவர்களிடம் போய் வராதே என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 6

இன்றைக்கு ஐயா வீடு வீடாகப் போனார். நானும் போனேன், இந்தக் கூத்தை விட மனசில்லை.

முதல் வீடு, எதிர்வீட்டு பெர்சா அக்கா. எழுபத்தாறு வயது, நாக்குக்கு இருபது.

"அக்கா, மே ஆறாம் தேதி நாங்க வீட்டுல இருக்க மாட்டோம்" என்றான்.

"அதை எங்கிட்ட ஏன் சொல்றே?"

"இல்ல, வந்து ஏமாந்துடக் கூடாதேன்னு—"

"நான் வர்றேன்னு யார் சொன்னா? என்னை யாராவது கூப்பிட்டாங்களா?"

"ஸ்லாவாவுக்குக் கூப்பிட மாட்டாங்களே அக்கா."

"அப்ப கூப்பிடாத இடத்துக்கு வராதேன்னு சொல்ல வந்திருக்கே. நல்ல வளர்ப்பு!" என்று சொல்லி, ராக்கியா என்கிற பழச் சாராயத்தை ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குள் அவன் நெற்றியில் வியர்வை. இதே கதை ஒன்பது வீட்டில். எல்லோருக்கும் கோபம், எல்லோர் வீட்டிலும் ஒரு குவளை. ஒன்பதாவது வீட்டிலிருந்து அவனை நான் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். வழியில் நின்று, "ரூஷிட்சா, என் நிலையத்துல இருநூறு ரயிலைத் திருப்பி விட்டிருக்கேன். ஒரு பெர்சாவைத் திருப்ப முடியல" என்றான்.

ஏப்ரல் 7

துணி காயப்போடும்போது சட்டென்று தோன்றியது. ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. ஒப்ரென் கூப்பிட வேண்டியதில்லை. அவன் கூப்பிடும்வரை இவன் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பன்னிரண்டு வருஷமும் இவன் போகாமல் இருந்ததற்குச் சொன்ன சாக்கு, அன்றைக்கு இங்கே கதவு திறந்திருக்கும், விருந்தாளி வருவார்கள். இந்த வருஷம்தான் முதல்தடவையாகக் கதவைப் பூட்டுகிறோம். மே ஆறு, கொலாஷினிலிருந்து வடக்கே வருகிற ரயில், எல்லை தாண்டியதும் முதல் பெரிய நிறுத்தம் பிரியெபோல்யே — கடவுளே!

ஜகோர்காவுக்குச் செய்தி எழுதினேன். அழித்தேன். சொல்லிவிட்டால் அது அழைப்பாகிவிடும். அப்புறம் இவன் மோப்பம் பிடித்துவிடுவான். சும்மா இரு ரூஷிட்சா. வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு இரு.

ஏப்ரல் 11

இருக்க முடியவில்லை. சாப்பிடும்போது கேட்டேன்: "வாழ்த்து யாரு சொல்லுவா? பிளாட்பாரத்துல நாம ரெண்டே பேரு. நான் உனக்குச் சொல்லணுமா, 'ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே'ன்னு? வீடு எங்க இருக்கு?"

கரண்டியைக் கீழே வைத்தான். அப்புறம் எடுத்தான்.

ஏப்ரல் 12

ஆறாவது நகல். காலையில் எழுந்து பார்த்தேன். உஜீத்ஸேக்கும் எல்லைக்கும் நடுவில், நெருக்கி, சின்ன எழுத்தில்: "பிரியெபோல்யே — 2 நிமிடம்."

இடம் பத்தியிருக்கிறது.

ஏப்ரல் 29, ரயிலில்

மலை, சுரங்கம், பாலம், சுரங்கம். அவித்த முட்டை சாப்பிட்டோம். இவன் டிக்கெட் பரிசோதகருக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, அந்த மனுஷன் எங்கள் பெட்டிப் பக்கமே அப்புறம் வரவில்லை.

பிரியெபோல்யே வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் இவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. ரயில் நின்றது. நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஆறு, பாலம், மேட்டுத் தெரு, மேலே அந்த வீட்டின் சிவப்பு ஓடு. இறங்கி ஓடினால் எட்டு நிமிடம். ரயில் கிளம்பியது.

"மூணரை நிமிஷம் நின்னுச்சு. ஒன்றரை நிமிஷம் அதிகம்" என்றான், கண்ணைத் திறக்காமலே.

மே 2, உல்சின்

கடல்! இரண்டு மணி நேரம் உள்ளேயே இருந்தேன். அட்டவணைப்படி நாற்பது நிமிடம். கரையில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். நான் கையசைத்தேன்.

கார் சின்னது, வெள்ளை. வளைவுக்கு வளைவு கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்கிறான். எதிரே லாரி வந்தால், "சிக்னல் எங்க? இவனை யாரு விட்டது?" என்று கத்துகிறான்.

மே 4, ஏரிக்கரை

ஒன்றும் நடக்கவில்லை. மீன் சாப்பிட்டோம். அவன் அட்டையை அறையிலேயே மறந்துவிட்டு வந்தான், நாள் முழுக்கக் கேட்கவும் இல்லை. பயமாக இருக்கிறது, உடம்பு சரியில்லையோ?

மே 5, ஜப்ல்யாக்

இங்கே இன்னும் ஓரங்களில் பனி கிடக்கிறது. விடுதிக்காரம்மாவின் அடுப்பில் கோதுமை அவித்தேன், வால்நட்டும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தேன். அந்தம்மா, "உங்க ஸ்லாவாவா? அப்ப ஏன் இங்க இருக்கீங்க? உங்களுக்கு யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க" என்றான் வெலிமிர். எனக்கு முன்னால்.

சாயங்காலம் என்னிடம் ரப்பர் கேட்டான். தபால் ஆபீஸ்காரி பையில் ரப்பர் இல்லாமல் இருக்குமா? கொடுத்தேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தான். நான் குளிக்கப் போனபோது மேசையில் அட்டை கிடந்தது. கொலாஷினுக்கு நேரே எழுதியிருந்த "ஸ்லாவா" இல்லை. கீழே:

"பிரியெபோல்யே. வருகை 2.26. புறப்பாடு —"

கோடு மட்டும். மணி இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு ரயிலைக்கூடப் புறப்பாடு இல்லாமல் விட்டதில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 7, காலை, பிரியெபோல்யே

ஒப்ரென் வீட்டுச் சமையலறை. எல்லோரும் தூங்குகிறார்கள். நேற்று நடந்ததை விட்டுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். எல்லையில் நின்றுவிட்டது. வெலிமிர் முகம் வெளுத்துப்போயிற்று. "இந்தத் தடவையும் ரொட்டி வெட்டியிருப்பாங்க" என்றான். நான் கோதுமைப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கே கேலி வரவில்லை.

மேட்டுத் தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறினோம். கதவு திறந்துதான் இருந்தது, அன்றைக்கு மூடமாட்டார்கள். உள்ளே ஒரே சத்தம். நாங்கள் வாசலில் நின்றதும் ஒவ்வொருத்தராகப் பேச்சு நின்றது. மேசையின் தலைமாட்டில் ஒப்ரென் நின்றிருந்தான், தலையெல்லாம் நரைத்து, மாமனார் மாதிரியே. பக்கத்தில் பாதிரியார், பசித்த முகத்தோடு. மேசை நடுவில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ரொட்டி, முழுசாக.

வெலிமிர் தொப்பியைக் கழற்றினான். அப்புறம் சொன்னான்:

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே."

அந்த ஒரு சொல்லைத்தான் பன்னிரண்டு வருஷமாகக் கொடுக்கமாட்டேன் என்றான்.

ஒப்ரென் நகரவே இல்லை. "அண்ணே, மூணு மணி நேரம்னு சொன்னே" என்றான். "பன்னிரண்டு வருஷம் ஆக்கிட்டே."

"பாறை சரிஞ்சிடுச்சுடா" என்றான் வெலிமிர்.

யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள், நான் இரண்டையும் செய்தேன். ஒப்ரென் ரொட்டியைத் தூக்கி ஒரு பக்கத்தை அண்ணனிடம் நீட்டினான். இருவரும் பிடித்துச் சுற்றினார்கள், உடைத்தார்கள், முத்தமிட்டார்கள். வெலிமிருக்குப் பெரிய துண்டு. பாதிரியார் ஜெபத்தை முடித்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கும் ரயில் இருந்ததுபோல.

அப்புறம் சமையலறையில் ஜகோர்கா என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அக்கா, பன்னிரண்டு வருஷமா இதே கூத்துதான். எங்க வீட்டுக்காரர் பாதிரியாரை எல்லா வீட்டையும் முடிச்சிட்டுக் கடைசியா வரச்சொல்லுவார். பெல்கிரேடுலேர்ந்து வர்ற ரயில் வந்து போற வரைக்கும் ரொட்டியில கத்திபட விடமாட்டார். சனங்க பசியில திட்டுவாங்க. 'லேட்டா வந்தாலும் வருவான்'னு ஜன்னல்கிட்ட நிப்பார். இன்னிக்கும் அந்த ரயில் போயிடுச்சு, யாரும் இறங்கல. கத்தியைக் கையில எடுத்துட்டார். நீங்க பார்த்தா, கடல் பக்கத்து ரயில்ல வந்து நிக்கிறீங்க!"

இங்கே இவன் லீவு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். அங்கே அவன் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கழுதைகள்.

மாடியில் கட்டில் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போகிற டிக்கெட் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜனவரி 10

சமையலறை மேசையில் இன்று ஒரு தாள் இருந்தது. பழைய ரயில்வே படிவம், எங்கே ஒளித்து வைத்திருந்தானோ! அழகாக, கோணாமல் எழுதி, எனக்கு முன்னால் தள்ளினான்.

"விண்ணப்பதாரர்: வெலிமிர். நாட்கள்: மே 5, 6, 7. காரணம்: ஸ்லாவா. இடம்: பிரியெபோல்யே, தம்பி வீடு. உடன் வருபவர்கள்: மனைவி, எதிர்வீட்டு பெர்சா (கூப்பிடவில்லை, வருகிறாள்)."

"மேலதிகாரி கையெழுத்து" என்ற இடத்தைச் சுட்டிக்காட்டினான். முகத்தில் சிரிப்பே இல்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, அவனைக் காக்கவைத்துப் படித்தேன். மூன்று நாளை அடித்து ஐந்து நாள் ஆக்கினேன். ரயில் தாமதமாகலாம் என்று ஓரத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டேன்.